குரல் பின்னாலேயே வருகிறது, நடுவில் டிக் டிக் சத்தம்: ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை மாற்றினால் தீருமா?

கேட்டவரின் நிலைமை இது. லேப்டாப், மைக்கை அதோடு இணைக்கும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு கண்டென்சர் மைக் வைத்துக்கொண்டு வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்கிறார். பாடும்போது ஹெட்ஃபோனில் தன் குரல் சற்றுத் தாமதமாகக் கேட்கிறது. நடுநடுவே டிக், டிக். சில நாள் மைக்கே இல்லை என்கிறது. ஆடாசிட்டியை விட்டு ரீப்பருக்கு மாறியும் தீரவில்லை, இனி காசு போட்டு எதை வாங்கலாம் என்கிறார்.

எதையும் வாங்காதீர்கள். இரண்டு சாஃப்ட்வேரிலும் ஒரே தொந்தரவு வருகிறது என்றால், கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. மூன்றாவது வாங்கினாலும் இது கூடவே வரும். நானும் இந்தத் தப்பைச் செய்து ஒரு வருடத்தை வீணாக்கியவன்தான்.

முதலில் தாமதம். கம்ப்யூட்டர் உங்கள் குரலைச் சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொள்வதில்லை. தெருக்குழாயில் குடம் வைத்துப் பிடிக்கிற மாதிரி, ஒரு குடம் நிறைந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போகும். அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர் சைஸ். குடம் பெரிதாக இருந்தால் நிறையும் வரை காத்திருக்க வேண்டும். அதுதான் உங்கள் காதில் கேட்கும் தாமதம். சிறிதாக இருந்தால் தூக்குகிறவர் ஓடி ஓடிக் களைத்துப்போவார். ஒரு நடை தவறினால் தண்ணீர் கீழே போகும். அதுதான் அந்த டிக். ஆக, உங்களுடைய முதல் இரண்டு பிரச்சினைகளும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஒன்றை இழுத்தால் மற்றது நகரும்.

கணக்கு எளிது. சாம்பிள் ரேட் என்பது ஒரு செகண்டில் ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண். 48,000 சாம்பிள் ரேட்டில் பஃபர் 1024 சாம்பிள் என்றால், ஒரு குடம் நிறைய 21 மில்லி செகண்ட். உள்ளே வர ஒரு குடம், வெளியே போக ஒரு குடம் என்றால் 43 ஆகிவிடும். இன்டர்ஃபேஸுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு இன்னும் கொஞ்சம் சேரும். அதே ரேட்டில் 128 வைத்தால் ஒரு குடத்துக்கு 2.7 மில்லி செகண்ட்தான். காற்றில் ஒலி ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. அப்படியானால் 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வந்து சேருவது போல. அது பெரும்பாலோருக்கு உறுத்தாது. என் அனுபவத்தில் 20-ஐத் தாண்டினால் பாடுகிறவர் தன்னையறியாமல் தாளத்தை இழுக்க ஆரம்பிப்பார். 40-க்கு மேல் போனால் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவார்.

அதனால் பாடும்போது 128 அல்லது 256. பாடி முடித்து மிக்ஸ் செய்ய உட்காரும்போது 1024. அப்போது யாரும் பாடவில்லை, தாமதம் இருந்தால் என்ன? இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பஃபர் 128 வைத்தும் தாமதம் குறையவில்லை என்றால், மாஸ்டர் டிராக்கில், சத்தம் எல்லை தாண்டாமல் அடக்கும் லிமிட்டர் மாதிரி ஏதாவது பிளகின் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சில பிளகின்கள் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து வேலை செய்பவை. அதற்காகவே எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். பாடி முடிக்கும்வரை அணைத்து வையுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன் ஒரு கேள்வி: விண்டோஸில் எந்த டிரைவர், அதாவது சாஃப்ட்வேரையும் இன்டர்ஃபேஸையும் பேசவைக்கும் எந்த நிரல் வழியாக ரெக்கார்ட் செய்கிறீர்கள்? ரீப்பரின் ப்ரெஃபரன்ஸஸில் ஆடியோ, அதற்குள் டிவைஸ் என்று போனால் ஒரு பட்டியல் இருக்கும். எம்எம்இ அல்லது டைரக்ட்சவுண்ட் என்று இருந்தால் பஃபர் கணக்கு எல்லாம் வீண். அவை படம் பார்ப்பதற்கும் பாட்டு கேட்பதற்கும் போடப்பட்ட சுற்றுப்பாதைகள். ஏசியோ என்று மாற்றுங்கள். க்யூபேஸ் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைச் செய்யும் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது அது. விண்டோஸின் மிக்ஸரை ஒதுக்கிவிட்டு நேராக இன்டர்ஃபேஸோடு பேசும். உங்கள் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதற்கே உரிய டிரைவரை இறக்குங்கள். ஏசியோ ஃபார் ஆல் என்று ஒன்று எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். அது விண்டோஸ் டிரைவர் மேல் போர்த்திய போர்வை மட்டுமே. லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டு மட்டும் இருப்பவர்களுக்கு உதவும். சொந்த டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு அதைப் போடுவது, வீட்டில் கார் இருக்க ஷேர் ஆட்டோவில் போவது. மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, மேக்கிலேயே இருக்கும் கோர் ஆடியோ அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆடாசிட்டியில் நீங்கள் தவித்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். பல வருடங்களாக அதன் தரவிறக்கப் பதிப்பில் ஏசியோ இல்லாமலே இருந்தது. திறந்த மூல உரிமத்துக்கும் ஏசியோ உரிமத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே பாடும்போது தன் குரலைக் கேட்க இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் குமிழ்தான் வழி. அதைத் திருப்பினால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் மைக்கிலிருந்து நேரே ஹெட்ஃபோனுக்கு வரும். தாமதம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதைத் திருப்பிவிட்டு, சாஃப்ட்வேரிலும் டிராக் மானிட்டரை அணைக்காமல் விட்டால் குரல் இரண்டாகக் கேட்கும், தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுவது போல. "எக்கோ வருகிறது, மைக் போச்சு" என்று எனக்கு வந்த ஃபோன்களில் முக்கால்வாசி இதுதான். ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பாட முயன்றவர்களும் உண்டு. கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். அதன் தாமதத்தை எந்தப் பஃபரும் குறைக்காது.

இப்போது டிக் டிக். பஃபரை 256-க்கு ஏற்றியும் வருகிறதா? என் கதையைச் சொல்கிறேன். பழைய லேப்டாப்பில் எனக்கும் இப்படித்தான், கடிகாரம் மாதிரி சீரான இடைவெளியில் ஒரு டிக். கேபிள் மாற்றினேன், விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டேன். ஒருநாள் மோடம் படுத்துவிட்டது, இன்டர்நெட் இல்லை என்ற கோபத்தில் வைஃபையை அணைத்தேன். அன்றைக்கு எடுத்த ரெக்கார்டிங்கில் ஒரு டிக் கூட இல்லை. வைஃபை டிரைவர் அவ்வப்போது பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஆடியோவின் குடம் தவறுகிறது. பிராசஸர் பத்து சதவீதம்தான் ஓடுகிறதே என்று டாஸ்க் மேனேஜர் சமாதானம் சொல்லும், நம்பாதீர்கள். சராசரி வேறு, ஒரு கணம் தவறுவது வேறு. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும். பாடும்போது வைஃபை அணைப்பு, சார்ஜர் செருகியே இருப்பது, பவர் பிளானில் ஹை பெர்ஃபார்மன்ஸ், யுஎஸ்பிக்கு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் செலெக்டிவ் சஸ்பெண்ட் அணைப்பு: இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கையும் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி நான்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

டிக் இல்லாமல் விடாத ஒரு ஹம்ம்ம் வந்தால் அது வேறு சங்கதி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது எர்த் வழியாக உள்ளே நுழைகிறது. ஒரு நிமிடம் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், ஹம் நின்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். மேலே சார்ஜர் செருகியே இருக்கட்டும் என்று சொன்னேன், இங்கே பிடுங்கச் சொல்கிறேன். ஆமாம், டிக், ஹம் இரண்டும் சேர்ந்து தொல்லை தந்தால் இன்டர்ஃபேஸையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது பெரும்பாலும் தீர்க்கும். யாராவது பிளக்கின் மூன்றாவது காலை உடைத்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. ஃபேன் ரெகுலேட்டர் பாதி வேகத்தில் கொர் என்று இரையும். அதை முழு வேகத்திலோ அணைத்தோ வையுங்கள். சென்னை வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டுப் பாடச் சொல்வது கொடுமைதான், வேறு வழி இல்லை.

மைக்கே இல்லை என்பதற்கு: கண்டென்சர் மைக் என்கிறீர்கள், இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தான் எரிகிறதா? அந்த மைக்குக்கு மின்சாரம் அதிலிருந்துதான், அணைந்திருந்தால் அந்த மைக் ஊமை. எரிந்தும் வரவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ரைவசி, மைக்ரோஃபோன் என்று போய், டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். மேக்கிலும் 2018-இல் வந்த மொஹாவியிலிருந்து இதே காவல் உண்டு. ஒருமுறை தெரியாமல் வேண்டாம் என்று அழுத்திவிட்டால் பிறகு கேட்காது, நாமே போய்த் திறந்துவிட வேண்டும். குரல் ஒரு காதில் மட்டும் கேட்டால் டிராக்கை ஸ்டீரியோவில் வைத்திருக்கிறீர்கள், மோனோ இன்புட்டாக மாற்றுங்கள்.

சாம்பிள் ரேட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட முடியாது. என் சித்தி பாட்டு வாத்தியார். ஒரு வர்ணம் ரெக்கார்ட் செய்து கொடுத்தேன். ஹெட்ஃபோனை மாட்டி ரெண்டு வரி கேட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னடா இது, யாரோ சின்னப் பொண்ணு பாடுற மாதிரி இருக்கு."

"மைக் அப்படித்தான் காட்டும் சித்தி."

"மைக்கா? நான் அஞ்சரைக் கட்டையில பாடினேன். இது ஆறையும் தாண்டி நிக்குது. வேகத்தையும் பாரு, மூச்சு விடக்கூட எனக்கு நேரம் இல்லை."

அளந்து பார்த்தேன், நூல் பிசகவில்லை. இன்டர்ஃபேஸ் 44,100-இல் ஓடியிருக்கிறது, ஃபைலின் முதுகில் 48,000 என்று முத்திரை விழுந்திருக்கிறது. அப்படி ஆனால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும், நான்கு நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பது செகண்டில் முடிந்துவிடும். நல்லவேளை, திரும்பப் பாட வேண்டியதில்லை. ஆடாசிட்டியில் டிராக் மெனுவில் ரேட் என்ற இடத்தில் 44,100 என்று மாற்றியதும் சித்தி சித்தியாகத் திரும்பி வந்தார். அதில் ரீசாம்பிள் என்று இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அது தப்பான சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றும். இன்டர்ஃபேஸ், ப்ராஜெக்ட், விண்டோஸ் சவுண்ட் செட்டிங் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும்.

அதே சித்தி இன்னொரு நாள் லேப்டாப் மைக்கிலேயே பாடிப் பதிவு செய்தபோது தம்புரா வந்து வந்து மறைந்தது. லேப்டாப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரில் இரைச்சலை அழுத்தும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. மாறாமல் ஒலிக்கும் எதுவும் அதற்கு ஃபேன் சத்தம்தான். தம்புராவுக்கு மாறாமல் ஒலிப்பதுதானே வேலை? மைக்கின் ப்ராப்பர்ட்டீஸில் போய் அதை அணைத்தேன், தம்புரா மறையாமல் நிலைத்து ஒலித்தது.

ஃபைல் காணாமல் போவதும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ரீப்பரின் ஆர்பிபி ஃபைலுக்குள் பாட்டு இருக்காது, எந்த ஒலி எங்கே என்ற குறிப்பு மட்டும்தான். அதை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போனால் நண்பர் வீட்டில் வெறும் கோடுகள்தான் தெரியும். சேவ் ஆஸ் செய்யும்போது எல்லா மீடியாவையும் ப்ராஜெக்ட் டைரக்டரிக்குக் காப்பி செய் என்ற கட்டத்தை டிக் செய்து, ஃபோல்டரோடு எடுத்துப்போங்கள். ஆடாசிட்டியிலும் முன்பு இப்படித்தான். 2021-இல் வந்த 3.0-லிருந்து எல்லாம் ஒரே ஏயுபி3 ஃபைலுக்குள் போய்விட்டது. பழைய ப்ராஜெக்ட்கள் இருந்தால் பக்கத்தில் இருக்கும் டேட்டா ஃபோல்டரைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவர், 48,000, பஃபர் 128, வைஃபை அணைப்பு. சத்தமான இடத்தைப் பாடிக்காட்டி, மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி கெயினை வையுங்கள். பிறகு பாடாமல் ஐந்து நிமிடம் சும்மா ரெக்கார்ட் ஓடவிட்டு, அந்த ஐந்து நிமிடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். டிக் இருந்தால் 256. அதிலும் இருந்தால் லேட்டன்சிமான் எந்த டிரைவர் பெயரைக் காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு அதை மட்டும் துரத்துங்கள்.