படிக்கும்போது தெரிகிறது, எழுதும்போது வருவதில்லை!

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 18. ஊர் கிருஷ்ணகிரி பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். இப்போது பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர் படிக்கிறேன். ஹலசூரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருகிறேன்.

அனாட்டமி (உடலமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்) இரண்டும்தான் பிரச்னை. வகுப்பில் இங்கிலீஷில் நடத்துகிறார்கள், புரியாதவர்களுக்குக் கன்னடத்தில் விளக்குகிறார்கள். ஒரு வார்த்தையை ஸ்பெல்லிங் பார்த்து எழுதுவதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடுகிறது. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து படிக்கிறேன். புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கிறது. கேள்வித்தாளைப் பார்த்ததும் கை சில்லிட்டு, நெஞ்சு படபடக்கிறது. ஒன்றுமே வருவதில்லை. கல்லூரியிலேயே வைக்கும் முதல் செஷனல் தேர்வில் 30க்கு 9. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தொடை எலும்பைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கத்து எலும்பு என்று கேட்டார்கள். பெயர் தெரிந்தது, பக்கம் சொல்லத் தெரியவில்லை.

கூடப் படிக்கும் கேரளப் பெண்கள் இங்கிலீஷில் டக் டக்கென்று பதில் சொல்கிறார்கள். நான் வாயே திறப்பதில்லை. அப்பா கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினார். அவரிடம் இன்னும் மார்க்கைச் சொல்லவில்லை. அடுத்த ஃபீஸ் கட்டுவதற்குள் நின்றுவிட்டால் அந்தப் பணமாவது மிஞ்சும் என்று நினைக்கிறேன். இந்தப் படிப்புக்கான மூளை எனக்கு இல்லையா மேடம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

ஆலோசகரின் பதில்:

அன்பு மகளுக்கு,

ராத்திரி ஒரு மணி வரை உட்காரும் பெண்ணுக்கு மூளையிலும் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. உழைப்பு போகிற வழிதான் தவறு. படிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, சிக்கல் முழுவதும் அந்த வரிக்குள் இருக்கிறது. எதிரில் இருப்பதைப் பார்த்து ‘ஆமாம், இது தெரியும்’ என்று அடையாளம் காண்பது ஒரு வேலை. எதிரில் எதுவும் இல்லாதபோது மனதிலிருந்து வெளியே எடுப்பது வேறு வேலை. நீ முதலாவதை மட்டும் பழகிவிட்டு, பரீட்சையில் இரண்டாவதைச் செய்யப் பார்க்கிறாய்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை வாசித்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரும்ப வாசிப்பதில் நன்றாகப் படித்துவிட்டோம் என்ற திருப்தி உடனே கிடைத்துவிடுகிறது, அதனால்தான் அந்தப் பழக்கத்தை விடுவது கஷ்டம். மஞ்சள் பேனாவை இன்றே எடுத்து வைத்துவிடு.

அதற்குப் பதிலாக, கல்லூரி விட்டு வந்ததும் அன்று நடத்திய பாடத்தை 20 நிமிடம் வாசி. புத்தகத்தை மூடு. வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் படமாகவும் சொல்லாகவும் எழுது. முதல் தடவை கால்வாசிதான் வரும், பயப்படாதே. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் மறுபடி எழுதிப் பார். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் முழுப் படத்தையும் பார்க்காமல் போடு. இதற்குப் பத்துப் பத்து நிமிடம் போதும். ஒரு நாளைக்குப் பதினைந்து புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். பெயர் எழுதாத படங்களைச் சின்ன அட்டைகளில் ஒட்டி வைத்துக்கொண்டால் பஸ் நேரமும் வீணாகாது. பதினொரு மணிக்குப் படுத்துவிடு. படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான், அதை வெட்டினால் படித்ததையும் சேர்த்து வெட்டுகிறாய்.

அடுத்தது மொழி. இதயத்தின் நான்கு அறைகள், மூவிதழ் வால்வு, ஈரிதழ் வால்வு, நுரையீரல் தமனி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறாய். இப்போது அவற்றை ட்ரைகஸ்பிட், மைட்ரல், பல்மனரி ஆர்ட்டரி என்கிறார்கள். பழைய உயிரியல் புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்துக்கொள். முதலில் தமிழில் ரத்தத்தின் பாதையைச் சொல்: பெருஞ்சிரைகள், வலது மேலறை, மூவிதழ் வால்வு, வலது கீழறை, நுரையீரல், இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி. தடங்கலில்லாமல் வந்தபின் அதே பாதையில் இங்கிலீஷ் பெயர்களை ஏற்று. புரியாத விஷயத்தையும் புரியாத சொல்லையும் ஒரே நேரத்தில் தூக்க முயன்றால் இரண்டும் கைநழுவும்.

நீண்ட சொற்களைத் துண்டாக உடைத்துப் பார். ‘நெஃப்ரோ’ சிறுநீரகம், ‘ஹெப்பாட்டோ’ கல்லீரல், ‘ஐட்டிஸ்’ அழற்சி, ‘எக்டமி’ வெட்டி எடுப்பது, ‘டாக்கி’ வேகம், ‘பிராடி’ மந்தம். இப்படி ஐம்பது அறுபது துண்டுகள் கைவசம் இருந்தால் புதுச் சொல்லைப் பார்த்து மிரள மாட்டாய். நாளை எந்தத் தலைப்பு என்று முந்தின நாளே கேட்டு, அதன் படங்களைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போ. ஸ்லைடில் வரும் ஸ்பெல்லிங் பழகியிருந்தால் காது பாடத்தைக் கேட்கும்.

இரண்டு பாடத்தையும் நீ ஒரே மாதிரி மனப்பாடம் செய்கிறாய் என்று நினைக்கிறேன். அனாட்டமியில் இடம்தான் எல்லாம். எந்த உறுப்பானாலும் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன, ரத்தம் எதிலிருந்து வருகிறது, நரம்பு எது, இடம் தவறினால் என்ன ஆகும் என்ற வரிசையில் படி. புட்டத்தில் ஊசி போட்டால் மேல்வெளிக் கால்பாகத்தில்தான் போட வேண்டும் என்கிறார்களே, காலுக்குப் போகும் சயாடிக் என்ற பெரிய நரம்பு அதற்குக் கீழே உட்பக்கமாக இறங்குவதால்தான். அதில் ஊசி பட்டால் நோயாளிக்குப் பாதத்தைத் தூக்க முடியாமலே போகலாம். இப்படித் தெரிந்துகொண்ட இடம் மறக்காது.

எலும்பைப் படத்தில் படிக்காதே, லேபில் கேட்டு வாங்கிக் கையில் எடு. ஃபீமரின் (தொடை எலும்பின்) உருண்டைத் தலை மேலே இருந்து உடலின் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். தண்டு முன்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். பின்பக்கம் லீனியா ஆஸ்பெரா என்ற முரட்டு வரம்பு விரலில் தட்டுப்படும். அப்படியே உன் தொடைக்கு நேராகப் பிடித்துப் பார். தலை உன் இடப்பக்கம் திரும்பியிருந்தால் அது வலது ஃபீமர். அடுத்த வைவாவில் எலும்பை வாங்கியதும் முதலில் இப்படிப் பிடி, பேச்சு பிறகு தானாக வரும்.

பிசியாலஜி காரணங்களின் பாடம். அதில் ‘அதனால் என்ன’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்கு உள்ளே ரத்தம் கசிகிறது என்று வை. ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியதும் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள பாரோரிசெப்டர்கள் என்ற அழுத்த உணரிகள் மூளையின் முகுளத்துக்குத் தகவல் சொல்கின்றன. ஆபத்தில் உடலை முடுக்கிவிடும் சிம்பதெட்டிக் நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன, தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது, அதன் தொடர்ச்சியாக ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து உப்பும் நீரும் உடலிலேயே தங்குகின்றன, சிறுநீர் குறைகிறது. ஆகவே, உடல் இப்படி ஈடுகட்டுவதால் பி.பி. இன்னும் சரியாகவே இருக்கும்போது பல்ஸ் 120, கை சில்லென்று, யூரின் பையில் கொஞ்சம்தான் என்றால், நர்ஸ் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. பி.பி. விழும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும். இந்தச் சங்கிலியை அம்புக்குறி போட்டு ஒரு பக்கத்தில் வரை. பிறகு சித்தியை உட்கார வைத்துத் தமிழில் சொல். எந்த அம்புக்குறியில் திக்குகிறாயோ, அங்கேதான் உனக்குப் புரியவில்லை.

பரீட்சையில் உன் கை சில்லிடுவதும் இதே சிம்பதெட்டிக் வேலைதான். அது ஆபத்தானதல்ல, சில நிமிடத்தில் தணியும். நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு, இரண்டு நிமிடம் செய். வெளிமூச்சு நீளும்போது உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும். பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு படத்தை முதலில் போடு. கை ஓடத் தொடங்கினால் மனமும் பின்னால் வரும். வாரம் ஒருமுறை வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழைய கேள்வித்தாள் ஒன்றை எழுதிவிடு. பரீட்சைச் சூழல் பழகப் பழகப் பயம் இறங்கும்.

மார்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி அனாட்டமியும் பிசியாலஜியும் சேர்ந்த இந்தத் தாளுக்கு, கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க் 25, செமஸ்டர் தேர்வு 75. அந்த 75இல் அனாட்டமிக்கு 37, பிசியாலஜிக்கு 38. தேர்ச்சிக்கு 50 சதவீதம். ஆகவே ஒன்றைக் கைவிட்டு மற்றதில் சரிக்கட்ட நினைக்காதே. தாள் போனாலும் அடுத்த செமஸ்டர் வகுப்புகளுக்குப் போகலாம், ஐந்தாம் செமஸ்டர் தேர்வுக்கு முன் பழைய தாள்களை முடித்திருந்தால் போதும். ஒரு செஷனல் மார்க்கை வைத்து நிற்பதா தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அப்பாவிடம் இந்த வாரமே சொல். அழுதுகொண்டு சொல்லாதே, கணக்காகச் சொல்: “அப்பா, முதல் செஷனலில் 30க்கு 9. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. இப்படி மாற்றிப் படிக்கிறேன். அடுத்த செஷனல் மார்க்கையும் நானே சொல்கிறேன்.” கடன் வாங்கிப் படிக்க வைப்பவருக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. மறைத்து வைத்த பாரம் உனக்கும் தூக்கத்தைக் கெடுக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல் அழுகை தொடர்ந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, உடனே 14416க்குப் போன் செய். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சித்தியிடமும் சொல். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நிற்பதா வேண்டாமா என்பதை இரண்டாவது செஷனலுக்குப் பிறகு பார்க்கலாம். அதற்குள் மேலே சொன்னதை மூன்று வாரம் விடாமல் செய்திருக்க வேண்டும். மார்க் 9லிருந்து 13, 14க்கு ஏறினாலே வழி சரி என்று அர்த்தம். ஏறவில்லை என்றால் உன் விடைத்தாளையும் சிவப்பு மைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியரிடம் போ. ‘புரியவில்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இந்த அம்புக்குறியில் நிற்கிறேன்’ என்று காட்டிக் கேள். கூடவே, வார்டு போஸ்டிங்கில் நோயாளி பக்கத்தில் நிற்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்பதையும் கவனித்து எனக்கு எழுது. உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இந்த முடிவுக்கு மார்க்கைவிட அதுதான் எனக்கு அதிகம் தேவை.