செபமாலையில் பராக்கு

அன்புச் சகோதரிக்கு வணக்கம். பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவு வழிபாட்டில்) திருமுழுக்குப் பெறவிருக்கும் நீங்கள், செபமாலையின் மூன்றாம் பத்துமணிக்குள், அதாவது பத்து மணிகள் கொண்ட மூன்றாம் பகுதிக்குள், மனம் அலுவலகக் கணக்குக்குப் போய்விடுவதால் அந்தச் செபம் செல்லுமா என்றும், வருங்கால மாமியார் சொல்லும் வாசகம் உங்கள் கையேட்டில் இல்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது எளிது. அவருடைய 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்பதும் உங்களுடைய 'அருள் நிறைந்த மரியே' என்பதும் ஒரே செபத்தின் பழைய, புதிய தமிழ்தான். அவரோடு சேரும்போது பழையதையே சொல்லுங்கள், அதன் ஓசையே தனி.

பராக்கை, அதாவது செபத்தில் மனம் சிதறுவதைப் பொறுத்தவரை, அதைத் துரத்திப் பிடிக்கப் போவதே அதன் கண்ணியில் விழுவதாகும் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எச்சரிக்கிறது. ஆகவே, மனம் விலகியதை உணரும்போது விரல் எந்த மணியில் இருக்கிறதோ அங்கிருந்தே தொடருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 53 மணிகளையும் ஒரேயடியாக முடிக்கும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. சில வாரங்களுக்கு நாளொரு பத்துமணி போதும், ஆனால் அதற்குரிய மறையுண்மையை, அதாவது தியானிக்க வேண்டிய இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்வைக் கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளிக்குரிய துயர மறையுண்மைகளில் முதலாவதை எடுத்துக்கொண்டால், கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செபித்துக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளிப் பேதுரு உறங்கிக்கொண்டிருக்கிறார்.