வங்கி எடுத்துக் கொடுத்த வீட்டுக் காப்புறுதி ஆண்டுதோறும் ஏறுகிறது, மலிவானதை எப்படித் தேடுவது?

டிசம்பரில் உங்கள் பாலிசி முடிகிறது என்றும், வங்கி எடுத்துக் கொடுத்ததைவிட மலிவானது ஒன்று கிடைக்குமா என்றும், வங்கியை விட்டு விலகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதவில்லை. என்னுடையதைப் போல ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்தில், மாடி இல்லாமல் வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடு, பின்பக்கம் அடுப்படியை நீட்டிக் கட்டியது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ‘மலிவானது’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல்லுக்கு நான் கொடுத்த விலை 8,400 ரிங்கிட்.

நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலம் சிகாமட் மாவட்டத்தில் உள்ள லாபிஸில் வசிக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். தொழிலாளர் வருகைப் பதிவான செக்ரோல் எழுதியது, சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் பாரம் நிரப்பியது, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரலைப் பிடித்து மை வைத்தது எல்லாம் நான்தான். ஊரார் பாரங்களையெல்லாம் வரி வரியாகப் படித்தவன் என் சொந்த வீட்டுப் பாலிசியை ஒருமுறைகூட முழுதாகப் படிக்கவில்லை என்பதை இங்கே எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

2003இல் இந்த வீட்டை 78,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பதினைந்து ஆண்டுக் கடன். வங்கியே ‘ஹவுஸ்ஓனர்’ என்று சொல்லப்படும் வீட்டுரிமையாளர் காப்புறுதியை 80,000 ரிங்கிட் தொகைக்கு எடுத்துக் கொடுத்தது. 2012இல் பின்பக்க முற்றத்தை மூடி அடுப்படியை நீட்டினேன். அதை யாருக்கும் அறிவிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. 2018இல் கடன் முடிந்து பாலிசி என் கைக்கு வந்தபோது, அதைப் புதுப்பிக்க வந்த முகவர், எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்த பையன்தான், “அண்ணே, இந்தத் தொகை பத்தாது, 160,000 போட்டுடலாம்” என்றார். ஆண்டுக்கு ஏறத்தாழ 95 ரிங்கிட் கூடும் என்றார். தம்பி கமிஷனுக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு, “எனக்கே கணக்கா?” என்று சிரித்துவிட்டுப் பழைய தொகைக்கே கையெழுத்துப் போட்டேன். 2006 டிசம்பரிலும் 2011 தொடக்கத்திலும் சிகாமட் மூழ்கியபோதுகூட எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) தண்ணீர் வராததால் எனக்கு அவ்வளவு துணிச்சல்.

2023 மார்ச் தொடக்கத்தில் ஜொகூரின் பெரும்பகுதியை மூழ்கடித்த அந்த மழையில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குக் கணுக்காலில் நின்ற தண்ணீர் விடிவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. வெள்ள நிவாரண மண்டபத்தில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, சாமி அறைச் சுவரில் படங்களுக்குச் சரியாகக் கீழே, பென்சிலால் கோடு போட்டதைப் போல ஒரு சேற்று வரி ஓடியிருந்தது. பிளைவுட் கதவுகள் ஊதிப் பிளந்திருந்தன. பாலிசியை ஒரு மைலோ டின்னில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். டின்னைத் திறந்தால் உள்ளே காகிதக் கூழ்தான் இருந்தது.

இழப்பை மதிப்பிட வந்தவர் ஒரு சீனப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். சேற்று வரியை அளந்தார், மின்கம்பி, கதவு, பூச்சு, சுவரோடு பொருத்திய அடுப்படி அலமாரி என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அதன் பிறகு அவர் செய்தது எனக்குப் புரியவில்லை. வாசல் தூணிலிருந்து பின்சுவர் வரைக்கும் நாடாவை இழுத்து வீட்டையே அளந்துவிட்டு, “அங்கிள், இந்த அடுப்படி எப்போது கட்டியது?” என்று மலாயில் கேட்டார். தண்ணீர் செய்த சேதத்தைப் பார்க்க வந்தவர் வீட்டு நீளத்தை ஏன் அளக்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. கடிதம் வந்தபோது விளங்கியது.

கணக்கு இதுதான். கட்டடச் சேதம் 18,400 ரிங்கிட் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இந்த வீட்டை இன்றைய விலையில் முழுதாகத் திரும்பக் கட்ட 160,000 ரிங்கிட் ஆகும், நான் காப்புறுதி செய்திருப்பதோ 80,000, அதாவது பாதி. பாதிக்கு மட்டும் காப்புறுதி செய்தவனுக்குச் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும். முகவர்கள் ‘அவரேஜ்’ என்று சொல்லும் விகித விதி அது. ஆகவே 9,200. அதிலும் சேதத்தின் முதல் பகுதியை நானே ஏற்க வேண்டும் என்ற ‘கழிவு’ நிபந்தனைப்படி, என் பாலிசியில் காப்புறுதித் தொகையில் நூற்றுக்கு ஒன்று, 800 ரிங்கிட் கழிந்தது. கையில் வந்தது 8,400. சரியான தொகைக்கு எடுத்திருந்தால் கழிவு 1,600 போக 16,800 வந்திருக்கும், அதாவது இன்னும் ஒரு 8,400. நான் இழந்தது அதுதான். ஐந்து ஆண்டுகளில் நான் மிச்சம் பிடித்த கட்டணம் 475 ரிங்கிட். சேதம் 80,000ஐத் தாண்டினால்தான் தொகை போதாமல் போகும் என்று நினைத்திருந்தேன். பலர் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று தாமானில் சிலர் சொன்னார்கள். இல்லை. கூழாகிப் போன அந்தப் பாலிசியில் இந்த விதி தெளிவாகவே இருந்திருக்கிறது. நகல் வாங்கிப் படித்த பிறகு எனக்குச் சண்டை போட வாயில்லை. நான் எந்த நிறுவனத்துக்கும் முகவருக்கும் ஆள் பிடிக்கவில்லை, வழக்கறிஞரும் அல்ல. “எல்லாப் பாலிசியும் அப்படி இல்லை” என்று யாராவது கீழே எழுதுவீர்கள் என்பதும் தெரியும். நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்தான், என்னுடையதில் இருந்ததை எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டணம் என்பது காப்புறுதித் தொகையை ஒரு விகிதத்தால் பெருக்கி வருவது. செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டுக்கு விகிதம் குறைவு. பலகை வீட்டுக்குக் கூடுதல். கூடுதலாகக் கேட்டு வாங்கும் பாதுகாப்புகளுக்குத் தனியாக ஏறும். அதன் மேல் சேவை வரி, அது 2024 மார்ச் 1 முதல் நூற்றுக்கு 6இலிருந்து 8 ஆனது, பிறகு 10 ரிங்கிட் முத்திரை வரி. முன்பெல்லாம் தீக்காப்புறுதிக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே விலைப்பட்டியலைப் பின்பற்றின. 2016 ஜூலையிலிருந்து மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதைப் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கியதால்தான் இன்று நான்கு இடத்தில் விசாரித்தால் நான்கு விலை சொல்கிறார்கள். ஆகவே உங்கள் கட்டணம் ஏறியதற்குக் காரணம் வரியா, விகிதமா, அல்லது வங்கி காப்புறுதித் தொகையை ஏற்றியதா என்று முதலில் பாருங்கள். தொகை ஏறியதால் கட்டணம் ஏறியிருந்தால், எனக்கு என் வங்கி செய்யாத உதவியை உங்கள் வங்கி உங்களுக்குச் செய்திருக்கிறது.

தொகையை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் சிறுநகரத்துக்காரர்கள் வழுக்கி விழுகிறோம். கோலாலம்பூரில் வீட்டு விலையில் பெரும்பங்கு நிலத்துக்கு. நிலம் எரியாது, ஆகவே அங்கே சந்தை விலைக்குக் காப்புறுதி எடுத்தால் வேண்டாத பணம் கட்டுகிறார்கள். எங்கள் ஊரில் நேர்மாறு. நிலம் மலிவு, வாங்க ஆளில்லை, பிள்ளைகள் எல்லாம் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், அதனால் வீட்டின் விலை தேங்கிக் கிடக்கிறது. ஆனால் சிமெண்டும் கம்பியும் கொத்தனார் கூலியும் லாபிஸுக்கு என்று தனியாகக் குறைந்து வருவதில்லை. வாங்கிய விலையை அப்படியே எழுதினால் பாதிக் காப்புறுதியில்தான் போய் நிற்கும். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம், கட்டடச் செலவைக் கணக்கிடும் கருவி ஒன்றை வைத்திருக்கிறது. வீட்டின் வகையையும் பரப்பளவையும் கொடுத்தால் உத்தேசத் தொகை வரும். அதோடு உள்ளூர்க் கொத்தனார் ஒருவரிடம் “இந்த வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுத் திரும்பக் கட்ட எவ்வளவு?” என்று கேளுங்கள். இடிபாடு அகற்றும் செலவையும், நீட்டிக் கட்டிய பகுதியையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எதற்கெல்லாம் பணம் கிடைக்கும் என்று பாருங்கள். வெறும் தீக்காப்புறுதி என்றால் தீ, மின்னல், வீட்டுச் சமையல் எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளம் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீட்டுரிமையாளர் பாலிசியில் வெள்ளம், புயல், குழாய் வெடிப்பு, உடைத்துத் திருடுவதால் வரும் சேதம் போன்றவையும் உள்ளன. நிலச்சரிவும் மண் தாழ்வதும் அதிலும் பொதுவாக இல்லை, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். ‘அந்த நிறுவனம் 40 ரிங்கிட் குறைவு’ என்று யாராவது காட்டினால், இரண்டும் ஒரே வகைப் பாலிசியா, ஒரே தொகையா, கழிவு ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். விண்ணப்பத்தில் ‘முன்பு வெள்ளம் வந்ததா?’ என்று கேட்டால் உண்மையை எழுதுங்கள். பொய்யான பதில் பிற்பாடு இழப்பீட்டையே கெடுத்துவிடும்.

வீட்டுரிமையாளர் பாலிசி கட்டடத்துக்கு மட்டும்தான். என் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், மகள் படித்த மேசை ஆகியவற்றுக்கு ஒரு சென்கூட வரவில்லை, ஏனென்றால் வீட்டுப் பொருள்களுக்கான ‘ஹவுஸ்ஹோல்டர்’ பாலிசியை நான் எடுக்கவே இல்லை. இன்னமும் தோட்டத்து லயத்திலேயே குடியிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டடம் தோட்டத்துடையது, அதைக் காப்பது நிர்வாகத்தின் பாடு, ஆனால் உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான் உங்களுடையது.

நகை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சேமிப்பே அதுதான். பொருள் பாலிசியில் வழக்கமாக இரண்டு வரம்புகள் உண்டு: பட்டியலிட்டுச் சொல்லாத எந்த ஒரு பொருளுக்கும் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 5க்கு மேல் கிடைக்காது, தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40,000 ரிங்கிட்டுக்கு எடுத்தால் ஒரு பொருளுக்கு 2,000 என்பதுதான் வரம்பு. ஐந்து பவுன் தாலிக்கொடிக்கு அது எந்த மூலைக்கு? நகைக்கடை ரசீதோடு தனியாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பேரப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று: ஆள் குடியிராத நாள்கள் ஓர் ஆண்டில் 90ஐத் தாண்டினால், தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும், திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. எங்கள் வரிசையில் மட்டும் அப்படிப் பூட்டிய வீடுகள் ஐந்து.

வங்கியை விட்டு விலகலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. கடன் இருக்கும்வரை காப்புறுதி வேண்டும் என்று வங்கி கேட்பது நியாயம். ஆனால் எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்று பேசிப் பாருங்கள், வங்கியின் உரிமை பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். பழையது முடியும் முன் புதியதன் நகலை வங்கியிடம் கொடுத்து ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பணம் கட்டினாலும் ஒரு சேதத்துக்கு இருமுறை இழப்பீடு வராது. இன்னொரு குழப்பமும் உண்டு: எம்.ஆர்.டி.ஏ. என்பது கடனாளி இறந்தாலோ முழுமையாக ஊனமுற்றாலோ மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்புறுதி. அது கூரைக்கு ஓர் ஓடுகூட வாங்கித் தராது. என் நண்பர் ஒருவர் அதைத்தான் வீட்டுக் காப்புறுதி என்று நினைத்து மற்றதை நிறுத்தியிருந்தார்.

இழப்பீட்டில் உண்மையாகவே அநியாயம் நடந்தால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு அவர்களின் இறுதிப் பதிலை வாங்க வேண்டும். அதிலும் ஒத்துவராவிட்டால் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பு ஒன்று 2025 ஜனவரி முதல் இயங்குகிறது, எஃப்.எம்.ஓ.எஸ். என்பார்கள், பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு: எனக்கு வந்த விளக்கத் தாள்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. நம்மவர்களிடம் கட்டணம் வாங்கும்போது தமிழ் பேசும் முகவரை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, ‘அவரேஜ்’ விதியைத் தமிழில் அரைப் பக்கம் அச்சடிப்பது அவ்வளவு பெரிய செலவா என்று தெரியவில்லை.

நான் இப்போது கட்டடத்துக்கு 185,000, பொருள்களுக்கு 40,000 என்று எடுத்திருக்கிறேன், அதே தம்பியிடம். பாலிசியின் படம் மகளின் கைப்பேசியில் இருக்கிறது. உங்களுடையது டிசம்பரில் முடிகிறது என்பதால் நவம்பர் தொடக்கத்திலேயே விலை விசாரித்து முடித்துவிடுங்கள். நம் பக்கத்தில் அது மழை இறங்கும் காலம், பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு நாள்கூட இடைவெளி விழக்கூடாது.