எந்தக் கடனைக் கேட்கிறீர்கள்?

கேள்வி: மத்திய அரசின் கடன் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தில் இருவர் இரண்டு தொகை சொன்னார்கள். இரண்டுமே அரசு ஆவணத்தில் உள்ளதாம். வாங்கிய கடனுக்குக்கூடவா ஒழுங்கான கணக்கு இல்லை?
- வாசகர், விழுப்புரம்

பதில்: கணக்கெல்லாம் இருக்கிறது. ஒன்றுக்கு நாலாக இருப்பதுதான் தொல்லை.

கடனைப் பார்த்துக்கொள்வதே ஒரு கை அல்ல. கடன் பத்திரங்களை ஏலம் விட்டு, வட்டி கொடுத்து, முதிர்வில் பணத்தைத் திருப்புவது ரிசர்வ் வங்கி. உலக வங்கி போன்றவற்றிடம் வாங்கிய வெளிக்கடனின் கணக்கு நிதி அமைச்சகத்தில் தனிப் பிரிவிடம். அஞ்சலகத்தில் நீங்கள் போடும் பணமும் அரசு திருப்பித் தர வேண்டியதுதான்; அதுவோ தேசிய சிறுசேமிப்பு நிதிக்குப் போகிறது. கடன் மேலாண்மைக்கென்று தனி முகமை அமைப்பதாக 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி அறிவித்தார். இரண்டு மாதத்தில் வாபஸ் வாங்கினார். மிஞ்சியது, 2016-ல் பட்ஜெட் பிரிவுக்குள் அமைத்த ஒரு சிறு பிரிவு. கடன் பற்றிய காலாண்டு அறிக்கையை இப்போது அவர்கள்தான் வெளியிடுகிறார்கள்.

இனி உங்கள் இரண்டு தொகைக்கு வருவோம். பட்ஜெட்டின் வரவு ஆவணத்தில் பொறுப்புகள் பட்டியல், அதாவது அரசு திருப்பித் தர வேண்டியவற்றின் பட்டியல், ஒன்று உண்டு. 'பொதுக்கடன்' என்ற வரியோடு நிறுத்திக்கொண்டால் அது சந்தைக் கடனும் வெளிக்கடனும் போன்றவை மட்டும். அதன் கீழே சிறுசேமிப்பு, அரசு ஊழியர் வருங்கால வைப்பு நிதி எல்லாம் வரும். அவற்றையும் கூட்டினால் தொகை பல லட்சம் கோடி எகிறும். அந்தச் சிறுசேமிப்பிலும் ஒரு பங்கு மாநிலங்களுக்குக் கடனாகப் போனது. அதைக் கழிக்காமல் மாநிலக் கடனோடு சேர்ப்பவர் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணுகிறார்.

வெளிக்கடனில் இன்னொரு வேடிக்கை. டாலர் 12 ரூபாயாக இருந்தபோது வாங்கிய கடன், கணக்குப் புத்தகத்தில் இன்றும் 12 ரூபாய் விலையிலேயே நிற்கும். இன்றைய விலையில் மதிப்பிட்ட தொகை வேறு.

இதுவரை சொன்னவை நியாயமான வித்தியாசங்கள். உணவு மானிய விவகாரத்தை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மத்திய அரசு மானியத்தை முழுதாகக் கொடுக்காமல், ரேஷனுக்குத் தானியம் வாங்கித் தரும் இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியில் கடன் வாங்கிச் சமாளிக்கச் சொன்னது. கடன் கழகத்தின் பேரில். அடைக்க வேண்டியது அரசு. பட்ஜெட் பற்றாக்குறையில் மட்டும் அது தெரியாது. அரசு அடைக்கப்போகும் இத்தகைய கடனும் மத்திய அரசின் கடனே என்று, அரசின் கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு வைக்கும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை 2018-ல் திருத்தியதும் இதே அரசுதான்! 2020-21-ல் பழைய பாக்கியைத் தீர்க்க முன்வந்தபோது, 1,15,570 கோடி என்று பட்ஜெட் போட்ட உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4,22,618 கோடி ஆனது. கொரோனா கால இலவச தானியமும் அதில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே யாராவது தொகை சொன்னால் தேதி கேளுங்கள். பொதுக்கடனா மொத்தப் பொறுப்பா, மாநிலங்கள் சேர்த்தியா, டாலருக்கு என்ன விலை என்று கேளுங்கள். தொகையைவிட முக்கியமானதைக் காலாண்டு அறிக்கையில் பார்க்கலாம்: எந்த ஆண்டு எவ்வளவு முதிர்கிறது, சராசரி வட்டி என்ன என்ற அட்டவணைகள். விவாத மேடையில் அவற்றை யாரும் தொடுவதில்லை.

'நாட்டின் வெளிக்கடன்' என்று ஒருவர் முழங்கினால் மட்டும் பொறுமையாகச் சிரியுங்கள். அதில் பெரும்பகுதி அரசு வாங்கியதே அல்ல. தனியார் கம்பெனிகளின் கடனும், துபாயில் இருக்கும் உங்கள் மாமா இங்கே வங்கியில் போட்ட டெபாசிட்டும் அதில்தான் சேர்த்தி.