ஒய்பி ஆகப் படிப்பு வேண்டாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து சில பதில்கள்

மலேசியாவில் 'ஒய்பி' என்று நாம் அழைக்கும் நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆளும் தகுதி இருக்கிறதா என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். மக்கள் பிரதிநிதியின் சேவை மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் மனு எழுதிக் கொடுத்தவன் நான். பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஐயா, தோட்டத்தில் பால் மரம் (ரப்பர் மரம்) சீவவே பழக்கிப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். சட்டம் செய்பவருக்குத் தகுதி எதுவும் கிடையாதா?

உண்டு, ஆனால் மிகக் குறைவு. கூட்டரசு அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவுப்படி, மக்களவைக்குப் போட்டியிடுகிறவர் இந்நாட்டில் வசிக்கும் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்கு முன் 21 வயது. யாருக்குத் தடை என்பதை 48-ஆம் பிரிவு சொல்கிறது. திவாலானவர் நிற்க முடியாது. குற்றம் நிரூபிக்கப்பட்டு ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்றவரும் முடியாது. நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்ட வேண்டும்; எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அது போய்விடும். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். தேறியிருக்க வேண்டும் என்றுகூட எங்கும் இல்லை.

அப்படியானால் பட்டதாரிகள் மட்டுமே நிற்கலாம் என்று சட்டம் போடலாமே?

பாகிஸ்தானில் 2002-இல் போட்டுப் பார்த்தார்கள். 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதைத் தள்ளிவிட்டது. பிறகு தோண்டிப் பார்த்தால், பல உறுப்பினர்கள் காட்டிய பட்டம் போலி.

நம் ஊர்க் கதையையும் நினைத்துப் பாருங்கள். என் அம்மா படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மதியம் வரை மரம் சீவிவிட்டு வந்து, சாயங்காலம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுவார். அரிசி எடை குறைந்தால் மானேஜர் முன்னால் நின்று பேசியவரும் அவர்தான். பட்டம் வேண்டும் என்று 1957-இல் எழுதி வைத்திருந்தால், அவர் தலைமுறைத் தோட்ட மக்களில் ஏறக்குறைய எவருமே வேட்புமனு போட்டிருக்க முடியாது. அந்தக் கதவை மூட நான் சம்மதிக்கவே மாட்டேன்.

காமராசர் படிக்கவில்லையே அண்ணே, நல்லாட்சி தரவில்லையா?

தந்தார். ஆனால் பள்ளியைப் பாதியில் விட்டதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அவர் உழைப்பை விட்டுவிடுகிறோம். படிக்காதவர் என்பதால் அவர் பெரியவர் ஆகவில்லை. சட்ட மசோதாவைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர் அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

பிறகு, திறமை என்று எதைத்தான் சொல்கிறீர்கள்?

எந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று தெரிந்திருப்பது முதல் திறமை. ஒரு நாள் ஓர் அக்கா மினரல் தண்ணீர் போத்தலில் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். தேயிலைச் சாயம் போல இருந்தது. போத்தலின் அடியில் விரல் கனத்துக்கு மண்டி. அப்போதிருந்த பிரதிநிதி நன்கு படித்தவர். ஓர் அமைச்சுக்குக் கடிதம் அனுப்பினார்; நான்கு மாதம் கழித்து 'எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதோடு கோப்பு மூடப்பட்டது.

அடுத்து வந்தவர் பெரிய பேச்சாளர் இல்லை. ஆனால் அந்தக் கோப்பை எடுத்து, "தோட்டம் தனியார் நிலம்தானே, அப்படியானால் பொறுப்பு முதலாளிக்குத்தானே?" என்று கேட்டார். அதுதான் சரியான கேள்வி. தொழிலாளருக்கு வீடு தரும் முதலாளி குழாய்த் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதித் தரச் சட்டம் சொல்கிறது. அதை அமல்படுத்துவது தொழிலாளர் இலாகா. மனு அங்கே போனது, அதிகாரிகள் நேரில் வந்தார்கள், குழாய் மாறியது.

நிலம் மாநில அரசின் கையில். குடியுரிமை, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) விவகாரமெல்லாம் கூட்டரசின், அதாவது மத்திய அரசின் கையில். இது தெரியாத ஒய்பி நம்மை வருடக்கணக்கில் அலைய விடுவார்.

அப்புறம், துணிச்சலான யோசனையும் வேண்டும். ஆங்கிலேயர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நம் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். இதே சுங்கை சிப்புட்டின் பிரதிநிதி துன் சம்பந்தன், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பட்டதாரிதான். ஆனால் அந்தச் சங்கத்தில் ஆள் சேர்ந்தது, அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியதால்.

அமைச்சராகவாவது துறை நிபுணரை வைக்கக் கூடாதா?

வைக்கலாம். அமைச்சர் இரு அவைகளில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் போதும். மேலவையின் 70 பேரில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். வங்கித் துறையிலிருந்த தெங்கு ஸப்ருல் 2020-இல் செனட்டராகி நிதியமைச்சரானது அப்படித்தான். ஆனால் அப்படி வருபவரை அடுத்த தேர்தலில் நம்மால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அது எனக்கு உறுத்தல்தான்.

எங்கள் ஒய்பி எந்தச் சாவு வீட்டையும் விடமாட்டார். அது போதாதா?

வரட்டும், ஆறுதல்தான். ஆனால் நாம் அவரிடம் கேட்பதே பந்தல், நாற்காலி, திருவிழா நன்கொடை என்றால், அதில் கெட்டிக்காரரைத்தான் கட்சியும் நிறுத்தும். இதில் தப்பு நம் பக்கமும் இருக்கிறது அம்மா, வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

முதல்முறை ஓட்டுப் போடப் போகிறேன். எப்படி எடை போடுவது?

நல்ல கேள்வி தம்பி. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் (அவையில் பேசியதன் முழுப் பதிவு) இருக்கிறது, மலாயில். அவர் பெயரைத் தேடிப் பார். எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணாதே, என்ன கேட்டார் என்று படி. புதியவர் என்றால் கூட்டத்தில் எழுந்து, "அண்ணே, தோட்டத்து வீட்டுப் பட்டாவுக்கு யாரிடம் போவீர்கள்?" என்று கேள். முகத்திலேயே தெரிந்துவிடும்.

நகராண்மைக் கழக உறுப்பினருக்கு ஏன் நாம் ஓட்டுப் போடுவதில்லை?

உள்ளாட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், 1976 உள்ளாட்சிச் சட்டத்தோடு அது ஒழிந்தது. இப்போது மாநில அரசுதான் நியமிக்கிறது. டவுன் பக்கம் வடிகால், குப்பை எல்லாம் அவர்கள் வேலை. புகாரை எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.