உயரத்தில் வேலை செய்யும் ஆட்கள் விழாமல் இருக்க பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது. நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் சின்னச் சின்ன வீட்டுக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறவன். அதற்கு முதல் நாலு வருசம் கட்டாரில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டினேன். அங்கே கண்ட பழக்கத்தில், ஊருக்கு வந்ததும் என் ஆட்கள் எல்லாருக்கும் உடம்பு முழுக்கக் கட்டும், முதுகு வளையத்தில் கயிறும் கொக்கியும் உள்ள பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டே ஒரு பொடியன் விழுந்தான்.

ஒரு நெல் களஞ்சியத்தில் நாலு பழைய அஸ்பெஸ்டஸ் சீற் மாற்றும் வேலை. பாசி பிடித்த சீற்றுக்கு மேலே யாரோ பெயின்ற் வேறு அடித்திருந்தார்கள். கீழே தாங்கும் மரம் எங்கே என்று காட்டும் ஆணி வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை. பொடியன் ரெண்டு வரிசைக்கும் நடுவில் காலை வைத்தான். பப்படம் நொறுங்கின மாதிரி ஒரு சத்தம், ஆளைக் காணோம். ஓடிப்போய்ப் பார்த்தால் நெல் மூட்டைக்கு மேல் கிடக்கிறான். மணிக்கட்டு முறிந்ததோடு தப்பினான். பெல்ட் அப்படியே உடம்பில் இருந்தது. கொக்கியைத் திருப்பி அந்தப் பெல்ட்டிலேயே மாட்டியிருந்தான். “வேற எங்க கொளுவுற அண்ணே?” என்றான். அந்தக் கூரையில் கொளுவ ஓரிடமும் இல்லைதான்.

சரி, இடம் இருந்திருந்தால்? கணக்கைப் பாருங்கள். கயிறு 6 அடி. விழும் வேகத்தைத் தாங்கும் பட்டி விரிந்தால் இன்னும் மூன்றரை அடி. முதுகு வளையத்திலிருந்து கால் வரை 5 அடி. கைகாவலாக 3 அடி. கொக்கிக்குக் கீழே 17, 18 அடி வெறும் இடம் வேண்டும். நம்முடைய வீட்டுக் கூரை 10, 12 அடிதான். கயிறு இறுகுவதற்கு முன்னமே ஆள் தரையில். 10 அடியிலிருந்து விழுகிறவன் முக்கால் செக்கனுக்குச் சற்றுக் கூட எடுத்து, மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவான். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் அதைவிட மோசம். கட்டுமான வேலையில் விழுகிறவனைத் தாங்க அதைப் பாவிக்கக்கூடாதென்று அமெரிக்காவில் 1998இலேயே நிறுத்திவிட்டார்கள்.

பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டு விதி சொல்லும் வரிசை எனக்குப் பிடிக்கும்: முதலில் மேலே ஏறாமல் முடியுமா என்று பார், ஏறித்தான் ஆகவேண்டுமென்றால் விழாதபடி தடுப்பு வை, அதுவும் முடியாவிட்டால்தான் விழுந்தால் அடி குறைவதற்கு வழி தேடு. நாங்கள் கடைசியில் இருந்து தொடங்குகிறோம்.

அந்த விழுகைக்குப் பிறகு, அறுப்பது, துளைப்பது, பெயின்ற் அடிப்பதெல்லாம் நிலத்தில். பழைய சீற்றில் யாரும் கால் வைக்கக்கூடாது. மரத்துக்கு மரம் எட்டும் நீளப் பலகை போட்டு அதில்தான் நடை. முடிந்தால் கீழே சாரம் கட்டி உள்ளிருந்தே கழற்றுவோம். சாரத்தில் ஒற்றைப் பலகை இல்லை, மூன்று பலகை, இடுப்பளவில் குறுக்கு மரம். பலகையின் நுனி தாங்கு மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால் கட்டாயம் கட்டவேண்டும், இல்லாவிட்டால் நுனியில் மிதித்ததும் மறுபக்கம் எழும்பும். ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கவேண்டும், தலை கூரையை விட 3 அடி மேலே நிற்கவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று, காற்று. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது சீற்றைத் தூக்கினால் அது தோணிப் பாய்தான், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். சீற் ஏற்றுவதைக் காலையிலேயே முடித்துவிடுவோம்.

மூத்த மேசன் ஒருத்தர் இன்னும் சிரிக்கிறார். “முப்பது வருசமா ஏறுறன் மனே, மரம் என்னத் தள்ளினதில்ல” என்பார். அவரோடு வாதாடுவதில்லை. மூன்று பலகை போட்டுத்தான் சாரம் கொடுக்கிறேன். அவரும் அதில் ஏறி நின்று வெற்றிலை போடுகிறார்.

பெல்ட்டுகளை வீசவில்லை. ரெண்டாம் மாடி பிளேட் (கொங்கிறீற் தளம்) வேலைக்கு எடுப்போம். அந்தப் பொடியன் பெல்ட்டைக் கையில் வாங்கியதும், கட்டுவதற்கு முதல் அண்ணாந்து கொளுவ இடம் தேடுகிறான்.