பிங் பாதியில் நிற்பது ஏன்?

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) இரண்டு நெட்வொர்க், நடுவில் லினக்ஸ் ரூட்டர். 192.168.10.0/24-இல் உள்ள கணினியிலிருந்து ரூட்டருக்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) போகிறது, 192.168.20.10 சர்வருக்குப் போகவில்லை. பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் ஒரே பெயருக்கு இரண்டு சர்வர் முகவரி கொடுத்தும், எல்லாம் ஒன்றுக்கே போகிறது. ஏன்?

பதில்: ரூட்டரில் ஐபி ஃபார்வர்டிங் (ஒரு நெட்வொர்க்கில் வரும் தகவலை மற்றதற்குக் கடத்தும் அமைப்பு) 1 என்று இருக்கிறதா பாருங்கள், லினக்ஸ் கர்னலின் இயல்பு மதிப்பு 0. அது சரியென்றால், பெரும்பாலும் திரும்பும் வழிதான் சிக்கல். சர்வரில், வந்துபோகும் தகவலைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிடுங்கள். பிங் கேள்வி வந்து சேர்கிறது, அதே நெட்வொர்க் கார்டில் பதில் மட்டும் இல்லையா? சர்வரின் டீஃபால்ட் கேட்வே (தனி வழி குறிப்பிடாத தகவலெல்லாம் போகும் முகவரி) 10.0.2.2 என்றிருக்கும். அது விர்ச்சுவல்பாக்ஸின் நாட் கார்டுக்கான கேட்வே, வெளி இணையத்துக்குப் போகும் வழி. பதில் அந்தப் பக்கம் போய்த் தொலைந்துவிடுகிறது. சர்வரில் 192.168.10.0/24-க்கு வழி 192.168.20.1 (ரூட்டரின் சர்வர் பக்க முகவரி) என்று ஒரு ரூட் சேருங்கள். பலரும் ரூட்டரையே குடைந்துகொண்டிருப்பார்கள், வீண் வேலை.

அடுத்தது, எல்லாம் ஒரே சர்வருக்குப் போவது. டிஎன்எஸ் பதிலை, கேட்ட கணினி (கிளையன்ட்) டிடிஎல் எனும் காலக்கெடு தீரும்வரை நினைவில் வைத்திருக்கும். 86400 நொடி என்றால் ஒரு முழு நாள்! பரிசோதனைக்கு 30 போதும். ஆனாலும் செத்த சர்வரின் முகவரியையும் டிஎன்எஸ் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். சுமையைப் பிரிக்க சர்வர்களுக்கு முன்னால், கோரிக்கைகளைப் பகிர்ந்து அனுப்பும் ஹெச்ஏப்ராக்ஸி மென்பொருளை வையுங்கள். அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு சர்வர் வரியிலும் ‘செக்’ (check) என்ற சொல் கட்டாயம். இல்லாவிட்டால் அதுவும் உயிருள்ளது எது என்று சோதிக்காது. சோதனையை பிரவுசரில் செய்யாமல் கர்ல் (இணையப் பக்கத்தை டெர்மினலிலிருந்து கேட்டுப் பெறும் கருவி) கட்டளையில் செய்யுங்கள். பிரவுசர் பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.